பட்டியலில் இரண்டாவது வரி

மூலை வீட்டில் புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைத்துக் கொடுத்துவந்த பெண், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது ஐம்பதுக்குக் கணினியின் தொடக்கப் பட்டியலிலிருந்து விடுபட்டுப்போனாள். பட்டியலில் இல்லாததால் வீட்டிலும் இல்லை. அவளுடைய கணவர், கட்டட வரைபடம் வரைகிறவர், அவள் மாடிக்குத் துணி எடுக்கப் போயிருப்பதாக மாலைவரை நினைத்துக்கொண்டிருந்தார். அன்று துணி துவைக்கவே இல்லை என்பது அவருக்குப் புதன்கிழமைதான் தெரிந்தது.

அந்த வீட்டின் முன்னறையில் ஜன்னலுக்குக் கீழே ஒரு மேசை, மேசைமேல் ஒரு கணினி. மூன்று பேருக்கும் அது ஒன்றுதான். வரைபடக்காரரின் மென்பொருள் ஓர் இயங்குதளத்தில்தான் ஓடும். அவளுக்கு வேலை கொடுத்த பதிப்பகத்தார் இன்னொன்றில்தான் பக்கம் கட்டச் சொல்வார்கள். அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்த மகளுக்கு இரண்டுமே பிடிக்காது. ஆகவே ஒரே ஹார்ட் டிஸ்க்கை அறை அறையாகத் தடுத்து, மூன்று இயங்குதளங்களைக் குடிவைத்து, எல்லோரும் புழங்கப் 'பொது' என்று ஒரு கூடமும் விட்டுக் கொடுத்தவர், இரண்டு தெரு தள்ளிக் கணினி பழுதுபார்க்கும் பெண். என்ன கோளாறு சொன்னாலும் முதலில் "ஆஃப் பண்ணி ஆன் பண்ணீங்களா?" என்று கேட்பதால் அவருக்கு ரீஸ்டார்ட் அக்கா என்று பெயர். அவரைவிட மூத்தவர்களும் அவரை அக்கா என்றார்கள், அவரும் எல்லாரையும் அக்கா என்றார், அதில் ஒரு குழப்பமும் வரவில்லை. குழப்பம் வந்தது பட்டியலில்தான். கணினியை முடுக்கியதும் திரையில் மூன்று வரிகள் வரும், வேண்டியதைத் தேர்ந்தெடுக்க வேண்டும், ஒவ்வொரு வரிக்கும் ஒரு பெயர் வைக்கலாம். "என்ன பேர் போடட்டும்க்கா?" என்று ரீஸ்டார்ட் அக்கா கேட்டபோது அவள் ஈரக் கையோடு கதவோரம் நின்றபடி சொன்னாள்: "முதல்ல இருக்கிறது அவர். ரெண்டாவது நான். கடைசில பாப்பா." ரீஸ்டார்ட் அக்கா சொன்னதைச் சொன்னபடி தட்டச்சு செய்தார். அவர். நான். பாப்பா.

இதனால் முதல் மாதம் வரைபடக்காரர் பாடு திண்டாட்டமாகிவிட்டது. தன்னை யாராவது 'நான்' என்று நினைக்காமல் 'அவர்' என்று நினைத்துக்கொள்வார்களா? காலையில் தூக்கக் கலக்கத்தோடு உட்கார்ந்து, கை தானாக இரண்டாவது வரிக்குப் போய் 'நான்' என்பதை அமுக்கிவிடும். அமுக்கிய மறுகணம் சமையலறையில் எந்த டப்பாவுக்கு எந்த மூடி, அது எந்த அலமாரியில் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்துவிடும். இடுப்புக்குக் கீழே ஒரு பழைய வலி வந்து உட்காரும். மகள் முந்தின நாள் சாப்பிடாமல் எழுந்துபோனது ஞாபகம் வரும். அரை மணி நேரம் திருதிருவென்று விழித்துவிட்டுக் கணினியை அணைப்பார். ஐந்தாறு முறை இப்படி ஆனபிறகு பழகிக்கொண்டார். தான் 'அவர்' என்பது மனத்தில் பதிந்துவிட்டது. அதன்பின் மூடிகள் எங்கே இருக்கின்றன என்பது அவருக்கு மறுபடி தெரியாமல் போனது.

நேர வித்தியாசமும் அந்த முதல் வாரத்திலேயே தொடங்கிவிட்டது. கணினிக்குள் பொத்தான் அளவு மின்கலத்தை நம்பி ஒரு கடிகாரம் ஓடுகிறது. அது சொல்வதை முதல் இயங்குதளம் உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். இரண்டாவது அதை உலகப் பொது நேரம் என்று எண்ணி, அதில் வேறு ஏதோ ஊர் பதிவாகியிருந்ததால் நம்மூர் ஐந்தரைக்குப் பதில் தன் பங்குக்கு நான்கு மணியைக் கூட்டிக்கொள்ளும். மற்ற வீடுகளில் இது திரையின் மூலையில் தவறான நேரமாகத் தெரிவதோடு சரி. மூலை வீட்டில் வெயிலும் சேர்ந்து நகர்ந்தது. தெருவில் காலை பத்து மணி இருக்கும்; அவள் 'நான்' என்பதை அமுக்கியதும் அந்த வீட்டு ஜன்னலில் பிற்பகல் இரண்டு மணி வெயில் விழும். கணினியை மாற்றி 'அவர்' என்று முடுக்கினால் மறுபடி பத்து. இடையிலிருந்த நான்கு மணி நேரம் யாருக்கும் இல்லாமல் வீட்டிலேயே தங்கிவிட்டது. அதை அவள் எடுத்துக்கொண்டாள். அஞ்சல்காரர் நல்ல மனிதர், மணியடித்துவிட்டு, "உள்ள இப்ப எத்தனை மணிம்மா? தூங்குற நேரம்னா வாசல்லயே வச்சிட்டுப் போறேன்" என்பார். அண்டை வீட்டார், தங்கள் செடிகளுக்குக் கொஞ்சம் கூடுதல் வெயில் கிடைக்கிறது என்பதோடு விஷயத்தை விட்டுவிட்டார்கள்.

ரீஸ்டார்ட் அக்கா இதைக் கேள்விப்பட்டு, வந்து பார்த்துவிட்டு, "ஒரே ஒரு வரி எழுதினா போதும்க்கா, ரெண்டும் ஒரே நேரத்துக்கு வந்துரும்" என்றார். அவள் அடுக்களைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில், "வேணாம். இருக்கட்டும்" என்றாள். ரீஸ்டார்ட் அக்கா எழுதத் தொடங்கிய வரியை அழித்துவிட்டார். அவருக்கும் வீடு உண்டு.

அந்த நான்கு மணி நேரத்தில் அவள் பெரிதாக எதுவும் செய்துவிடவில்லை. பக்கங்களைக் கட்டினாள். ஒரு வரியில் தனியாகத் தொங்கும் சொல்லை மேலே இழுத்துச் சேர்த்தாள். வேலை முடிந்தால் ஜன்னல் வெயிலில் பாதங்களை நீட்டி உட்கார்ந்திருப்பாள். சில நாள் வெறும் தரையில் படுத்துக் கூரையைப் பார்ப்பாள். இரண்டு முறை அழுதிருக்கிறாள்; ஒன்று அம்மாவுக்காக, இன்னொன்று எதற்கென்று அவளுக்கே தெரியவில்லை. தெரியாமலே அழுது முடிக்க முடிந்ததுதான் விசேஷம். "என்ன ஆச்சு?" என்று கேட்க அங்கே ஆள் இல்லை. அன்பானவர்கள் கேட்கும்போது ஒரு காரணத்தைத் தயார் செய்ய வேண்டியிருக்கிறது; அந்த வேலை மிச்சம். இதற்கு அவள் கொடுத்த விலை, வேகமாக வயதானது. அவரைவிட இரண்டு வயது இளையவளாக அந்த வீட்டுக்கு வந்தவள், கணினி வந்த பதினோரு வருடத்தில் அவரோடு ஏறத்தாழச் சம வயதுக்காரி ஆகிவிட்டாள். வாசிக்கும் கண்ணாடி அவருக்கு முன்பே அவளுக்கு வந்தது. அதைப் பற்றி அவளுக்குப் புகார் இல்லை.

புகார் இருந்தது வேறொன்றில், அதையும் யாரிடமும் சொன்னதில்லை. பட்டியல் திரையில் பத்து விநாடிதான் நிற்கும். முதல் வரி ஏற்கெனவே ஒளிர்ந்துகொண்டிருக்கும். ஓரத்தில் பத்து, ஒன்பது, எட்டு என்று எண் இறங்கும். யாரும் எதையும் அமுக்காவிட்டால் தானாக 'அவர்' திறந்துகொள்ளும். காலையில் கணினியை முடுக்குவது அவர் வழக்கம். முடுக்கிவிட்டுக் குளிக்கப் போய்விடுவார். அந்தச் சத்தம் கேட்டதும் அவள் பாதியில் எதையாவது போட்டுவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே ஓடிவந்து கீழ்நோக்கும் அம்பை அமுக்க வேண்டும். பதினோரு வருடமாக ஓடினாள். அந்தச் சாவியின் அம்புக்குறி தேய்ந்து வெறும் கறுப்புச் சதுரமாகிவிட்டது. யாரையும் குற்றம் சொல்ல முடியாது என்று அவளுக்குத் தெரியும். அவர் அவளைத் தடுத்ததே இல்லை. யாரும் எதுவும் செய்யாமல் இருந்தாலே வீடு அவருடையதாகிவிடுகிறது, தன்னுடையதாக வேண்டுமென்றால் ஓட வேண்டியிருக்கிறது என்று மட்டும் எப்போதாவது, மூச்சு வாங்கும்போது, நினைத்துக்கொள்வாள்.

வரைபடக்காரர் எதற்கும் 'சரி' என்கிற மனிதர். மனைவி சொன்னாலும் சரி, மகள் சொன்னாலும் சரி, திரை சொன்னாலும் சரி. படித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிற பழக்கம் கிடையாது. அந்தச் செவ்வாய்க்கிழமை திரையில் ஏதோ அப்டேட் வந்து அனுமதி கேட்டது. 'சரி' என்பதை அமுக்கினார். நாற்பது நிமிடம் அது ஏதேதோ செய்தது. இந்த உலகத்தில் தன்னைத் தவிர வேறு யாரும் குடியிருக்கவில்லை என்று நினைத்துக்கொள்ளும் சுபாவம் அந்த இயங்குதளத்துக்கு உண்டு. கெட்ட எண்ணம் இல்லை, வளர்ந்த விதம் அப்படி. ஒன்பது ஐம்பதுக்கு அது மறுபடி எழுந்தபோது பட்டியலையே எடுத்துவிட்டு நேராகத் தன்னைத் திறந்துகொண்டது. அடுக்களையில் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அதை மூடியவர் அவர்தான்.

புதன்கிழமை, வேறு ஊரில் வேலையிலிருந்த மகளுக்குப் போன் செய்தார்.

"அம்மா எங்கப்பா?"

"பட்டியல்ல காணோம்மா."

"நீங்க என்னத்த அமுக்கினீங்க?"

"நான் ஒண்ணும் அமுக்கல. சரின்னு மட்டும்தான் குடுத்தேன்."

"அப்பா, நல்லாக் கேளுங்க. இனிமே எதுக்கும் சரி குடுக்காதீங்க. எது கேட்டாலும் வேண்டாம். ரீஸ்டார்ட் அக்கா வர்ற வரைக்கும் வேண்டாம்."

ரீஸ்டார்ட் அக்கா தங்கையின் பிரசவத்துக்காக ஊருக்குப் போயிருந்தார். வர இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். வரைபடக்காரர் கடைவீதியில் இருந்த இன்னொரு கணினிக்காரரிடம் போனார். அவர் பாதி கேட்டதுமே, "மொத்தமா அழிச்சிட்டுப் புதுசாப் போட்டாப் போச்சு சார், ஒரு மணி நேர வேலை" என்றார். "உள்ள ஆள் இருக்கு" என்றார் வரைபடக்காரர். "பேக்கப் எடுத்து வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார் கணினிக்காரர். வரைபடக்காரர் எழுந்து வந்துவிட்டார். மனைவியைப் பேக்கப் எடுத்து வைத்திருக்கும் வீடு எங்கே இருக்கிறது என்று வழியெல்லாம் யோசித்தார்.

ஆபத்து என்னவென்றால், தினமும் காலையில் கணினி எழுந்ததும் ஒரு சின்னக் கட்டம் வந்து நின்றது. ஹார்ட் டிஸ்க்கில் தனக்குப் படிக்கத் தெரியாத ஒரு பகுதி இருக்கிறது, அதை அழித்துச் சுத்தமாக்கித் தரட்டுமா என்று கேட்டது. கீழே இரண்டு பொத்தான்கள்: சரி, வேண்டாம். 'சரி' பெரியதாக, நீலமாக இருந்தது. ஐம்பத்து மூன்று வருடமாக ஒரே திசையில் பழகிய விரல் அது. இரண்டாம் நாள் அது பொத்தானுக்கு ஒரு நூல் தூரம் வரை போய்விட்டது. மூன்றாம் நாளிலிருந்து வரைபடக்காரர் வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டு, இடது கையால் சுட்டியைப் பிடித்து 'வேண்டாம்' என்பதை அமுக்கினார். கோடுகள் கோணலாக வந்தன. அந்த மாதம் அவர் வரைந்த கட்டடங்கள் எல்லாமே கொஞ்சம் இடதுபக்கம் சாய்ந்திருந்ததாகப் பின்னால் சொன்னார்கள்.

அவள் எங்கும் போய்விடவில்லை. அதே வீட்டில், அதே மேசையில், பிற்பகல் இரண்டு மணியில் இருந்தாள். முதல் மூன்று நாளும் அவளுக்கு நிம்மதியாக இருந்தது என்பதை மறைப்பதில் பயனில்லை. ஓட வேண்டியிருக்கவில்லை. யாரும் மூடி கேட்கவில்லை. நானூறு பக்கப் புத்தகம் ஒன்றை முடித்து, பொருளடக்கமும் சேர்த்துவிட்டாள். நான்காம் நாள் கையில் வைத்திருந்த புத்தகத்தை நெடுநேரமாகப் படிக்கவில்லை என்று கவனித்தாள். காது வேறெங்கோ இருந்தது. நான்கு மணி நேரத்துக்கு அப்பால் ஒரு மூடி கீழே விழுந்தது. பிறகு இன்னொன்று. பிறகு அவர் தனக்குத்தானே ஏதோ முணுமுணுப்பது. தவறான மூடிதான், ஒலியிலேயே தெரிந்தது. எழுந்துபோய்ச் சொல்ல வேண்டும் என்று கால் பரபரத்தது. அவள் அன்றுவரை தனிமை என்று அனுபவித்ததெல்லாம் அடுத்த அறையில் ஒருவர் இருந்ததால் கிடைத்த தனிமை. அவரும் கணக்கில் சேர்த்தி என்பது அவளுக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது.

'பொது' பகுதியில் 'வீட்டு விவரம்' என்றொரு கோப்பு உண்டு. யாருடைய ரத்த வகை என்ன, மகளின் சான்றிதழ்கள் எந்த உறையில், தண்ணீர்த் தொட்டி கழுவிய தேதி. இரண்டு பக்கத்திலிருந்தும் திறக்கக்கூடியது அது ஒன்றுதான். இரண்டு இயங்குதளங்கள் ஒரே நேரத்தில் எப்படி ஓடின என்று பிற்பாடு யாரோ கேட்டதற்கு ரீஸ்டார்ட் அக்கா, "ஒரே நேரம் இல்லையே, நாலு மணி நேரம் வித்தியாசமாச்சே" என்று பதில் சொன்னார். ஆறாம் நாள் அவள் அந்தக் கோப்பைத் திறந்தபோது கடைசியில் புதிதாக ஒரு வரி இருந்தது.

vq;f ,Uf;f

வரைபடக்காரர் அலுவலகத்தில் பழகிய பழைய எழுத்துருவில்தான் இன்னும் தமிழ் அடிப்பார். மாற்றிக்கொள்ளச் சொன்னபோது 'சரி' என்று சொல்லியிருக்கிறார். வேறு யாராவது பார்த்திருந்தால் சாவிப்பலகைமேல் பூனை நடந்திருக்கிறது என்பார்கள். அவளோ பதினோரு வருடமாக இதைப் போன்ற கையெழுத்துப் பிரதிகளை வாங்கிச் சீராக்கிப் பக்கம் கட்டியவள். அவளுக்கு அது கண்ணாலேயே தமிழாகிவிடும். எங்க இருக்க. அவர் அப்படிக் கேட்டு எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. அது எங்க இருக்கு, இது எங்க இருக்கு என்றுதான் கேட்பார். அவள் அடியில் எழுதினாள்: இங்கதான். குக்கர் வாஷர் ரெண்டாவது இழுப்பறையில. நீல மூடி உப்பு டப்பாவுக்கு, அதைப் போட்டு அடிக்காதீங்க.

அவருடைய பழைய மென்பொருளில் அது வெறும் கட்டங்களாக வந்தது. கட்டம், கட்டம், கட்டம், வரிசையாக மூன்று வரி. அவர் எண்ணிப் பார்த்தார். எழுபதுக்கு மேல். இவ்வளவு கட்டம் என்றால் இது கோபம்தான் என்று முடிவு செய்து, கீழே 'தப்புதான்' என்று எழுதினார். அவள் சிரித்துவிட்டு, எது தப்பு என்று கேட்டாள். எட்டே கட்டம். கோபம் தணிந்துவருகிறது என்று அவர் நம்பினார். இப்படியே பன்னிரண்டு நாள், அவர் எழுதியதையெல்லாம் அவள் புரிந்துகொள்வதும் அவள் எழுதியதை அவர் எண்ணிக்கொள்வதுமாகப் போனது. அவர் எழுதிக்கொண்டே போனார். மூடிகளைப் பற்றி, வலது கையைப் பற்றி, அன்று ஓடிக்கொண்டிருந்த குழாயைப் பற்றி. கல்யாணத்துக்கு முன்பு அவர் எழுதிய ஒரே கடிதம் முக்கால் பக்கம். இது இருபத்திரண்டு பக்கம் வந்தது. பழக்க தோஷத்தில் அவள் ஒற்றுப்பிழைகளைத் திருத்தி வைத்தாள். கடைசி வரியில் இரண்டே எழுத்து இருந்தது. th. வா.

அதற்குப் பதில் எழுத அவளுக்கு வீட்டு நேரப்படி ஒரு முழுநாள் ஆனது.

பத்தொன்பதாம் நாள் ரீஸ்டார்ட் அக்கா கழுத்தில் பென் டிரைவைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார். தங்கைக்கு இரட்டைக் குழந்தை; முகத்தில் இன்னும் தூக்கமில்லை.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணீங்களா சார்?"

"தினமும் பண்றேன்."

பென் டிரைவைச் செருகி, அதிலிருந்தே கணினியை முடுக்கி, ஹார்ட் டிஸ்க்கின் அறைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். "அக்கா எங்கயும் போகல சார். உள்ளதான் இருக்காங்க, ஒரு சேதமும் இல்ல. லிஸ்ட்ல பேர் விட்டுப் போச்சு, அவ்வளவுதான். நல்லவேளை நீங்க சரி குடுக்கல." வரைபடக்காரர் வலது கையைத் தொடைக்கு அடியிலிருந்து எடுத்து, மரத்துப்போன விரல்களை நீவிக்கொண்டார். பிறகு தயங்கித் தயங்கி அந்தக் கோப்பைக் காட்டினார். "இது மட்டும் என்னன்னு பாரும்மா. கட்டமாவே வருது." ரீஸ்டார்ட் அக்கா அதை வேறொரு மென்பொருளில் திறந்தார். கட்டங்கள் ஒவ்வொன்றாக எழுத்துகளாயின. அவர் நாகரிகமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வரைபடக்காரர் மூடியிலிருந்து தொடங்கி ஒரு வரி விடாமல் படித்தார். வாழ்க்கையில் முதல்தடவையாகப் படித்துவிட்டு முடிவு செய்யப்போகும் மனிதரைப்போல மெதுவாகப் படித்தார். கடைசியில் அவருடைய இரண்டு எழுத்துக்குக் கீழே இருந்தது: கூப்பிட்டா வருவேன். ஆனா இனிமே ஓடி வர முடியாதுங்க. பத்து விநாடி பத்தல.

"ஓரத்துல எண்ணிக்கிட்டே வருமே," என்றார் அவர். "அதை எடுக்க முடியுமா?"

"கூட்டி வைக்கலாம் சார். முப்பது போதுமா? அறுபது?"

"எண்ணவே வேணாம். சும்மா நிக்கட்டும். முதல் வரி முன்னாடியே எரியுதே, அதுவும் வேணாம்."

ரீஸ்டார்ட் அக்கா அவரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார். பட்டியல் திரும்பி வந்தது. சோதனைக்காக முதலில் மூன்றாவது வரியைத் திறந்தார், பதினேழு வயதுப் பெண்ணின் செருப்பு ஒரு ஜோடி வாசலில் வந்து கிடந்தது, வேறு ஊரிலிருந்து மகள் போன் செய்து, "யாராவது கூப்பிட்டீங்களாப்பா?" என்றாள். எல்லாம் ஒழுங்காக இருந்தது. "ரெண்டாவது மட்டும் நீங்கதான் அமுக்கணும் சார். அக்கா அந்தப் பக்கம்ல இருக்காங்க."

எண் எதுவும் இறங்காத திரையில் மூன்று வரிகளும் சமமாக மங்கி நின்றன. வரைபடக்காரர் தேய்ந்துபோன கறுப்புச் சதுரத்தைத் தேடிக் கண்டுபிடித்து அமுக்கினார். நான். மூடிகள் எல்லாம் தத்தம் இடத்தில் அவர் மனத்துக்குள் வந்து உட்கார்ந்தன. இடுப்பு வலித்தது. ஜன்னலில் இரண்டு மணி வெயில் விழுந்து அவர் பாதங்களைத் தொட்டது, யாரும் எதுவும் கேட்காத ஒரு பெரிய அமைதி அறை முழுக்க நிறைந்தது. இவ்வளவு காலம் அடுத்த அறையிலேயே இப்படி ஒன்று இருந்ததா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அழுகை வந்தது. எதற்கென்று தெரியவில்லை, தெரிய வேண்டும் என்றும் தோன்றவில்லை.

"சார், கையோட இந்த நேரத்தையும் சரி பண்ணிடவா?" என்றார் ரீஸ்டார்ட் அக்கா. "ஒரே ஒரு வரிதான்."

"வேண்டாம்," என்றார் வரைபடக்காரர். "அது அவ நேரம்."

அடுக்களையில் ஓர் இழுப்பறை திறந்து மூடும் சத்தம் கேட்டது. அவள் கையைத் துடைத்துக்கொண்டே நடந்து வந்தாள். நடந்துதான் வந்தாள். கதவோரம் நின்று, திரையைப் பார்த்தாள், ரீஸ்டார்ட் அக்காவின் கண்ணுக்குக் கீழிருந்த கருவளையத்தைப் பார்த்தாள், கடைசியாக அவரைப் பார்த்தாள்.

"குக்கர் வாஷரைக் கொண்டுபோய்ச் சோப்பு டப்பால போட்டு வச்சிருக்கீங்க. ரெண்டாவது இழுப்பறைன்னு எழுதினேன்ல?"

"கட்டமா வந்துச்சு," என்றார் அவர்.

அதன்பின் வருடங்கள் போயின. பட்டியலில் பெயர்களை மாற்றித் தரவா என்று ரீஸ்டார்ட் அக்கா ஒருமுறை கேட்டார். இருவருமே வேண்டாம் என்றார்கள். காலையில் யார் முடுக்கினாலும் மூன்று வரிகளும் எதையும் எண்ணாமல் நிற்கின்றன, சில நாள் மதியம் வரைக்கும்கூட. புது அஞ்சல்காரர் வந்திருக்கிறார்; பழையவர் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனதால் அவரும் மணியடித்துவிட்டு உள்ளே எத்தனை மணி என்று கேட்டுக்கொள்கிறார். மூடி எதுவும் அகப்படாத நாட்களில் வரைபடக்காரர் வேண்டுமென்றே இரண்டாவது வரியை அமுக்கி, அரை மணி நேரம் 'நான்' ஆக இருந்து, மூடியை எடுத்துக்கொடுத்துவிட்டு வருகிறார். அந்த அரை மணி நேரமும் யாராவது 'அவர்' ஆக இருந்தாக வேண்டும் என்பதால் அவள் இருக்கிறாள். கேட்கிற எல்லாவற்றுக்கும் சரி, சரி என்று சொல்லிவிட்டு, நன்றாகத் தூங்குகிறாள்.